முதல் கை

— திரும்பச் சொல்லு, ஸ்டீவன். எவ அடுப்ப அணைக்க மாட்டேங்கிறா? எந்த ஊருல?

— அந்தத் தீவுல, மம்மி. போன பயணத்துல எங்க கப்பல் எஞ்சின் மக்கர் பண்ணி, பசிபிக் கடல்ல ஒரு தீவுகிட்ட நங்கூரம் போட்டுக் கெடந்தோம்னு சொன்னேன்ல. ஊரே கூடி எங்களுக்கு விருந்து வச்சாங்கன்னு.

— பன்னிய மண்ணுக்குள்ள பொதைச்சு வேக வச்சாங்களே, அவங்களா?

— அவங்கதான். அந்த ஊரு பாஸ்டர்தான் இப்பப் போன்ல பேசினாரு. அங்க ஒரு வயசான அம்மாவால ஒரு பிரச்சினை. அதுக்குக் காரணம் நானாம்.

— யேசுவே! நீயா? என்னடா பண்ணித் தொலைச்ச? லதா, இங்க வா. நாப்பி மீன் விழுத அப்புறம் இடிச்சுக்கலாம். உம் புருஷன் நடுக்கடல்ல எவளோ ஒரு கெழவிக்கு என்னமோ பண்ணிட்டு வந்திருக்கானாம்.

— அமெலே! கோ ஸ்டீவன், என்ன பண்ணுனீங்க?

— ஒண்ணும் பண்ணல! சோறு வச்சேன். அந்தம்மாவுக்குக் கொஞ்சம் சாப்பாடு எடுத்து வச்சேன், அவ்வளவுதான். அதுக்குப் போயி...

— சோறு வச்சா தப்பா, அமே?

— எங்கிட்டக் கேட்டா? நான் இந்த ரங்கூன் இன்சீன தாண்டிப் போனதே வெரல் விட்டு எண்ணிரலாம். டேய், மென்னு முழுங்காம ஆரம்பத்துலேர்ந்து சொல்லு. எனக்கு ஒண்ணுமே புரியல.

— எனக்கே புரியலையே, மம்மி! அது வந்து... நாங்க சின்ன படகுல கரைக்குப் போனோம். கேப்டன், நான், ரிஹான், இன்னும் நாலஞ்சு பேரு. நான்தான் முதல்ல தண்ணியில எறங்கி, கயித்தப் புடிச்சு இழுத்துக்கிட்டுக் கரையேறினேன். ஒடனே பொம்பளைங்க எல்லாரும் வந்து என் தலையில பூ வளையத்த வச்சாங்க. தாழை ஓலைப் பாய விரிச்சு என்னைய நடுவுல உக்கார வச்சாங்க.

— கேப்டன?

— கேப்டன ஓரமா உக்கார வச்சாங்க. அவருக்கு மொகமே சுருங்கிப் போச்சு. நான் எண்ணெய்க் கையோட வேல பாக்குற மோட்டார்மேன். எனக்கு எதுக்கு நடு எடம்? ஆள மாத்திப் புடிச்சுட்டாங்கன்னுதான் நெனச்சேன். 'அவருதான் கேப்டன், அவருதான் கேப்டன்'னு கையக் காட்டுறேன். சிரிக்கிறாங்களே தவிர விடல.

— சரி, அப்புறம்?

— சாப்பாடு வந்துச்சு. குழி தோண்டி, கல்லச் சூடு பண்ணி, வாழை எலை போட்டு மூடி வேக வச்சது. பன்னி, பெரிய பெரிய மீனு, சீமைப்பலா, சேப்பங்கெழங்கு. எல்லாத்துலயும் தேங்காப்பாலு.

— மொளகா?

— மொளகாயெல்லாம் கெடையாது, மம்மி.

— மொளகா இல்லாம, நாப்பி இல்லாம எப்படித்தான் தொண்டையில எறங்குச்சோ. சரி, அதுக்குத்தான் சண்டையா?

— சண்டையே இல்லங்கிறேன்! கேளுங்க. எனக்கு மட்டும் தனியா ஒரு ஓலைக் கூடை வச்சாங்க. மத்தவங்களுக்கெல்லாம் பொதுவா. என் கூடையில மீன் தல, பன்னி ஈரல், எல்லாம் நல்ல நல்ல துண்டு. வச்சுட்டு ஒருத்தரும் சாப்பிடல. சின்னப் புள்ளைங்ககூட வாயத் தொறக்கல. எல்லாரும் என் வாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க.

— அது மரியாதைடா. விருந்தாளி சாப்பிட்ட அப்புறம்தான் வீட்டுக்காரங்க சாப்பிடுவாங்களா இருக்கும்.

— நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா எனக்கு நேர் எதிர்ல ஒரு அம்மா. உங்களவிட வயசு அதிகம். காலு வீங்கி, துணி சுத்தியிருந்துச்சு. அவங்களும் சாப்பிடாம என்னையவே பாத்துக்கிட்டு இருக்காங்க. ஒரு வயசானவங்க பட்டினியா உக்காந்திருக்க, நான் எப்படி முதல்ல வாயில போடுறது? நீங்க வளத்த வளப்பு அப்படி. கை தானாப் போச்சு. ஈரல்ல ஒரு துண்டு, கெழங்குல கொஞ்சம் எடுத்து, அவங்க முன்னாடி எலையில முதல் கை வச்சேன்.

— நல்லதுதான பண்ணியிருக்க? பெரியவங்களுக்கு முதல் கை வைக்காம இந்த ரங்கூன்ல எந்த வீட்டுல சாப்பிடுவாங்க?

— ஹொதெ, ஆமா அமே. எங்க பர்மாக்கார அம்மா வீட்டுல, வைக்கலைன்னா கையிலயே அடி போடுவாங்க.

— அங்க அப்படி ஒரு வழக்கமே இல்லையாம், லதா. நான் வச்சதும் அவ்வளவு பேரும் அந்த எலையவே எட்டிப் பாக்குறாங்க. அந்தம்மா ஈரலப் பாக்குறாங்க, என்னப் பாக்குறாங்க. ஒடனே ஓன்னு அழ ஆரம்பிச்சுட்டாங்க. பசி போலருக்குன்னு நெனச்சு...

— நெனச்சு?

— கூடையையே அவங்ககிட்டத் தள்ளிட்டேன்.

— மொத்தக் கூடையையுமா?

— மொத்தத்தையும். அவங்க என்னக் கட்டிப் புடிச்சு அழுறாங்க. ஊரே எந்திரிச்சுப் பாடுது. பாட்டு நம்ம கோயில் பாட்டு ராகம், மம்மி! பெரிய வெள்ளிக்குப் பாடுவோமே, அது. எனக்கு என்ன நடக்குதுன்னே தெரியல. கேப்டன் என் தோளத் தட்டி 'வெரி குட்'ங்கிறாரு. அவருக்கும் ஒண்ணும் தெரியாது.

— அந்த வீடியோ பாத்தேன். ரிஹான் எடுத்தது. நீங்களும் அழுதீங்க.

— கண்ணுல பொக, லதா.

— பொக அந்தப் பக்கம் போச்சு, கோ ஸ்டீவன்.

— சரி, அவன் அழுதா அழுதுட்டுப் போறான். இப்ப அந்தம்மாவுக்கு என்னவாம்? இவ்வளவு நாள் கழிச்சு எதுக்குப் போனு?

— அதத்தான் பாஸ்டர் இன்னைக்குச் சொன்னாரு. அவரு அப்ப ஊருல இல்லையாம், பெரிய தீவுக்குப் போயிருந்தாராம். திரும்பி வந்து ஊருக்காரங்க சொல்லித்தான் விஷயம் தெரிஞ்சிருக்கு. ரிஹான்கிட்ட என் நம்பர் வாங்கிப் பேசினாரு. மம்மி, அது எங்களுக்கு வச்ச விருந்தே இல்லையாம்.

— பின்ன?

— கருமாதி விருந்தாம்.

— என்னது!

— அந்தம்மாவோட பையன், எலியான்னு பேரு, மீன் புடிக்கப் போனவன் திரும்பல. படகு மட்டும் கவுந்து கெடந்துச்சாம், உடம்பு கெடைக்கல. உடம்பு கெடைக்காதவனுக்கு அவங்க ஊருல ஒரு வழக்கம் வச்சிருக்காங்க. கடல்லேர்ந்து யாராவது அன்னிய ஆளு வந்து கரையேறுனா, முதல்ல கால் வச்சவன உக்கார வச்சு, செத்தவனோட பங்க அவனுக்கு வைப்பாங்க. அவன் அத மிச்சம் வைக்காமச் சாப்பிட்டுடணும். சாப்பிட்டா, போனவனுக்குப் பசி தீந்து போச்சு, இனிமே வரமாட்டான்னு அர்த்தம். ஒடனே அம்மாக்காரி வீட்டுக்குப் போயி அடுப்ப அணைச்சு, சாம்பல அள்ளிட்டுப் புது நெருப்பு வைப்பா. அதோட துக்கம் முடிஞ்சுது.

— செத்தவன் பங்கயா உனக்கு வச்சாங்க? மாதாவே! நீ அதத் தின்னியா?

— தின்னல, மம்மி. அதான் பிரச்சினையே!

— நல்ல வேளை, தின்னல. அது நமக்கு ஆகாது. முதல் கைங்கிறது உசிரோட இருக்கறவங்களுக்குத்தான். செத்தவங்களுக்குச் செபம் உண்டு, பூசை உண்டு, சோறு கெடையாது. உங்க டாடி போன அன்னைக்கே அவரு தட்டக் கழுவிக் கவுத்து வச்சேனே, அப்புறம் ஒரு பருக்கை வச்சேனா?

— எங்க வீட்டுல வைப்போம், அமே. செத்தவங்களுக்கும் வைப்போம். அவங்களுக்கும் பசிக்கும்ல.

— உங்க வீடு வேற, லதா. நான் அதக் கொற சொல்லல. எனக்கு இப்படித்தான் பழக்கம். இந்த வீட்டுல இவன் அண்ணன் தாமஸுக்கு வைக்கிறோம்னா, அவன் தூரத்துல இருக்கான், இருக்கான்ல? அதனால வைக்கிறோம். தட்டக் காயப்போடக் கூடாது. ஏன்டா ஸ்டீவன், அண்ணன் இந்த வாரம் பேசினானா?

— ஆங்... மெசேஜ் போட்டிருந்தான், மம்மி. படகுலயே இருக்கானாம். தாய்லாந்து மீன் படகுல சிக்னலே கெடைக்காது. நல்லா இருக்கேன்னு போட்டிருந்தான்.

— ஒரு வார்த்த எங்கிட்டப் பேசுனா என்ன கொறஞ்சு போயிருவானாம்? அவன்கூடத் தங்கியிருக்கானே அந்த ஜுல்ஃபிகர், முன்னாடியெல்லாம் போன் போட்டா 'ஆன்ட்டி, ஆன்ட்டி'ன்னு உசிர விடுவான். இப்ப அடிச்சா எடுக்கறதே இல்ல.

— அவனுக்கு நைட் ஷிப்டா இருக்கும். இத முதல்ல கேளுங்க, மம்மி. பாஸ்டர் இன்னும் கொஞ்ச நேரத்துல திரும்பக் கூப்பிடுவாரு. அந்தம்மாவப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு. நான் என்ன சொல்லட்டும்னு தெரியல.

— என்னத்தச் சொல்லணும்?

— நான் அந்தப் பங்க அவங்ககிட்டயே திருப்பி வச்சேன்ல? அதுக்கு ஒரு அர்த்தம் பண்ணிக்கிட்டாங்க அந்தம்மா. 'என் பையன் சொல்லி அனுப்பியிருக்கான். இந்தப் பங்க எனக்கு எடுத்து வை, நான் வந்து சாப்பிடுறேன்னு சொல்றான்.' அப்படின்னு. ஊருல கொஞ்சப் பேரு ஆமாங்கிறாங்க, கொஞ்சப் பேரு அந்த மாலுமிக்கு என்ன தெரியும்ங்கிறாங்க. ஒரே கொழப்பமாம்.

— அதனால அடுப்ப அணைக்க மாட்டேங்கிறாங்களா?

— பகலும் ராவும் எரியுதாம். பையன் எப்ப வருவானோன்னு. அதுகூடப் பரவால்ல. கால்ல புண்ணு, மம்மி. சக்கர வியாதி. ஓலையப் பின்னிக்கிட்டு உக்காந்த எடத்துலயே உக்காந்து, புண்ணு மோசமாப் போச்சாம். பெரிய தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாத்தான் காலக் காப்பாத்தலாம். சரக்குக் கப்பலு எப்பவாவது ஒருக்காத்தான் அந்தப் பக்கம் வருமாம். இப்ப வந்து நிக்குது. நாளைக்கு விடிஞ்சாக் கெளம்பிடும். அந்தம்மா ஏற மாட்டேங்கிறாங்க.

— ஏன்?

— பையன் வந்தா வீட்டுல அடுப்பு எரியணுமாம். ஆள் இருக்கணுமாம்.

— ஆண்டவரே...

— அந்தக் கப்பல விட்டா, அடுத்தது வர்றதுக்குள்ள காலு இல்ல, உசிரே போயிரும்னு பாஸ்டர் சொல்றாரு. 'நீதான்ப்பா வச்ச, நீயே சொல்லு, உன் வாயால சொன்னாத்தான் நம்புவாங்க'ங்கிறாரு. எங்கயோ கெடக்குற ஒரு அம்மா, மம்மி. ஒரு துண்டு ஈரல் வச்சதுக்கு நான் இப்படி மாட்டிக்கிட்டேனே!

— கோ ஸ்டீவன், உண்மை சொல்லுங்க. எனக்குத் தெரியாது, எங்க ஊருல இது மரியாதை. அப்படிச் சொல்லுங்க.

— அது எப்படி லதா சொல்றது? 'உங்க பையன் செத்துட்டான், நான் சும்மா வச்சேன்'னா? அந்தம்மா என்னக் கட்டிப் புடிச்சது இன்னும் எனக்கு இங்க இருக்கு, தோள்ல. நான் வேற ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேன்.

— என்னத்த?

— ஆமாம்னே சொல்லிடுறேன், மம்மி. 'உங்க பையன எங்க கப்பல்காரங்க பாத்திருக்காங்க. வேற கப்பல்ல ஏறி வேல செய்யுறான். சிக்னல் இல்லாத எடம். நல்லா இருக்கான். நீங்க முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போயி ஒடம்பப் பாத்துக்குங்க, அவன் நேரா அங்கயே வந்திருவான்'னு. சந்தோஷமாக் கப்பல் ஏறிடுவாங்க. காலும் பொழைக்கும். ஒரு சின்னப் பொய்தான?

— ம்.

— என்ன ம்? நல்ல யோசனைதான?

— அப்புறம்?

— அப்புறம் என்ன?

— ஆஸ்பத்திரியில கெடப்பாங்க. புண்ணு ஆறும். பையன் வரமாட்டான். அப்ப என்ன சொல்லுவ?

— அப்ப... இன்னும் ஒரு பயணம் போயிருக்கான்னு சொல்லுவேன்.

— அதுக்கப்புறம்?

— மம்மி, ஒரு வயசான அம்மா. எவ்வளவு நாளைக்குத்தான்... சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டுமே.

— பொய் வேணாம், கோ ஸ்டீவன்.

— நீ சும்மா இரு, லதா.

— நான் சும்மா இருக்கேன். நாள் பூரா சும்மாத்தான் இருக்கேன். ஆனா பொய் சொன்னா, தினம் தினம் அதுக்குச் சோறு வைக்கணும். கை வலிக்கும்.

— லதா!

— ஏன்டா அவமேல பாயுற? அவ சரியாத்தான் சொல்றா. தமிழ் தட்டுத் தடுமாறினாலும் விஷயம் தடுமாறல. நீ சொன்னியே, சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டும்னு. காத்துக்கிட்டுக் கெடக்கறது சந்தோஷம்னு உனக்கு யாரு சொன்னா?

— நம்பிக்கை இருக்கும்ல, மம்மி.

— நம்பிக்கையா? எனக்குத் தெரியும்டா அந்த நம்பிக்கை. மத்தியானம் ஊரச் சுத்துற வட்ட ரயிலு இன்சீன்ல வந்து நிக்குற சத்தம் கேக்கும். ஒடனே மனசு நடக்க ஆரம்பிச்சுரும். இப்ப தாமஸ் ஸ்டேஷன விட்டு வெளிய வந்திருப்பான், இப்ப மார்க்கெட்டு, இப்ப டீக்கடை, இப்ப நம்ம சந்து முனைன்னு. அப்புறம் பாத்தா எவனோ தண்ணி பாட்டில் போடுறவன் போவான். அடுத்த ரயிலுக்கும் அதே நடை. பக்கத்து வீட்டு நாய் கொரைச்சா, தெரிஞ்ச ஆளப் பாத்துக் கொரைக்குதா, புது ஆளான்னு காதக் குடுத்துக் கேப்பேன். மாவ்பியில ஷைலா அக்கா படுத்த படுக்கையாக் கெடக்கா, வந்து ஒரு வாரம் இருன்னு எத்தன தடவ கூப்பிட்டா? போனேனா?

— நீங்கதான் ரயிலு ஒத்துக்கலன்னு...

— ரயிலு நல்லாத்தான் ஒத்துக்கும். அவன் வந்து நிக்கும்போது வீடு பூட்டிக் கெடந்தா? அதுக்காகத்தான் போகல. அந்தத் தீவு அம்மா என்ன நெனைக்கிறாங்கன்னு எனக்குப் பாஸ்டர் வந்து சொல்லணுமா?

— மம்மி, அழாதீங்க.

— நான் எங்க அழுறேன்? வெங்காயம் உரிச்ச கை. லதா, சோத்த எடுத்து வை. போன் வர்றதுக்குள்ள சாப்பிட்டுடலாம். கரண்டு வேற போயிரும், அதுக்கப்புறம் லைன் கெடைக்காது.

— வச்சாச்சு, அமே. மீன் கொழம்பு இருக்கு. ரால் இருக்கு.

— தாமஸ் தட்டு?

— அதுவும் வச்சாச்சு.

— ஸ்டீவன், இன்னைக்கு நீ வை. அண்ணன் தட்டுல முதல் கை.

— நீங்களே வைங்க, மம்மி. நான் போனப் புடிச்ச கை.

— கழுவிட்டு வா.

— பாஸ்டர் கூப்பிட்டா எடுக்கணுமே. லதா வைக்கட்டும்.

— லதா தினம் வைக்கிறா. நானும் வைக்கிறேன். நீ கப்பல்லேர்ந்து எறங்கி வந்ததுலேர்ந்து ஒரு தடவகூட வைக்கல.

— அப்படியா? மறந்திருப்பேன்.

— நீயா மறப்ப? நான் மறந்தாலும் 'அண்ணனுக்கு வைக்கலையா'ன்னு கேக்கறவன்டா நீ. மீன் தல வந்தா அவன் தட்டுக்குத்தான்னு சண்ட போடுவ. இப்ப கரண்டியக் கையில எடுக்குற, என் பக்கம் நீட்டுற. தினமும் பாக்குறேன்.

— என்ன மம்மி, இப்ப எதுக்கு இதெல்லாம்? நான் அந்தத் தீவு அம்மாவுக்கு என்ன சொல்றதுன்னு மண்ட காஞ்சு போயி இருக்கேன்...

— நானும் அதத்தான் யோசிக்கிறேன். எனக்கும் கொழப்பமாத்தான் இருந்துச்சு, இவ்வளவு நாளா. இவனுக்கு என்ன ஆச்சு, அண்ணன்மேல கோவமா, பொண்டாட்டி ஏதாவது சொல்லிக் குடுத்தாளான்னு. ஆனா லதா பேசாம வைக்கிறா. அவளுக்கு வைக்கறதுல தடை இல்ல. அவ வீட்டுல செத்தவங்களுக்கும் வைப்பாங்கன்னு இப்பத்தான அவளே சொன்னா.

— அமே...

— நீ ஏன்டி அழுற? உம்மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல.

— மம்மி, நான்...

— அந்த வீடியோவ நானும் பாத்தேன், ஸ்டீவன். நான் பன்னியையும் பாக்கல, பூவையும் பாக்கல. உன்னத்தான் பாத்தேன். அந்தம்மா அழறதுக்கு முன்னாடியே நீ அழுதுட்ட. ஒரு துண்டு ஈரலக் கையில எடுக்கும்போதே உன் மொகம் போயிருச்சு. அப்ப அவங்க பையன் செத்த கத உனக்குத் தெரியாது. பின்ன எதுக்கு அழுத?

— பொகன்னு சொன்னேனே.

— சரி. பொகதான்.

— கோ ஸ்டீவன், போன் அடிக்குது.

— பாஸ்டர்தான். மம்மி, நான் என்ன சொல்லட்டும்? சொல்லுங்க, மம்மி.

— எடு. முதல்ல வணக்கம் சொல்லு. அவங்க சாப்பிட்டாங்களான்னு கேளு. அப்புறம், அன்னைக்கு நான் வச்சது எங்க ஊரு மரியாதை, உங்க பையன் சொல்லி அனுப்பினது இல்லன்னு சொல்லு. அவன் வரமாட்டான்னு சொல்லு. சுத்தி வளைக்காத. அவங்க அழுதா நீயும் அழு, போன மட்டும் வச்சிராத. அழுது முடிக்கிற வரைக்கும் கூடவே இரு. அடுப்ப அணைச்சுட்டுக் கப்பல் ஏறச் சொல்லு. இங்க ஒரு அம்மா சொன்னாங்கன்னு சொல்லு.

— அவங்க தாங்குவாங்களா, மம்மி?

— தாங்குவாங்கடா. தெரியாமக் கெடக்கறதத்தான் தாங்க முடியாது. எடு, அடிச்சு நின்னுடப் போகுது.

— ஹலோ... பாஸ்டர்... ஆமா, நான்தான். ஒரு நிமிஷம்... மம்மி, நீங்க உள்ள போங்க. நான் பேசிட்டு வர்றேன். நீங்க கேக்க வேண்டாம்.

— நான் எங்கயும் போகல. இங்கயே உக்காந்து கேக்குறேன். நீ அந்தம்மாவுக்குச் சொல்லி முடி, அதுவரைக்கும் தாமஸ் தட்டு இப்படியே இருக்கட்டும். அப்புறம் அத நானே கழுவிக் கவுத்துடுறேன்.